இடப்பக்கத்துக் கிடார்

1

ஊர்ச் சங்கம் இந்த வருடம் கோயில் கொடைக்கு ஒரு மலர் போடுகிறதாம். தொகுக்கிற பொறுப்பு என் மச்சான் தங்கராசு கையில். போனில் கூப்பிட்டு, "பம்பாய்ல கெடந்து சீரழிஞ்சு முன்னுக்கு வந்த கதைய ரெண்டு பக்கம் எழுதி அனுப்பும்வே. படிக்கிற பயலுவளுக்கு ஒரு இதுவா இருக்கணும்" என்றார்.

சீரழிந்ததும் உண்டு, ஓரளவு முன்னுக்கு வந்ததும் உண்டு. ஆனால் கொஞ்ச காலமாக என் நினைப்பெல்லாம் இடது காதில்தான் இருந்தது. அதனால் காதைப் பற்றியும், அதற்குள் இத்தனை வருடமாக நான் ஊற்றி வரும் இசையைப் பற்றியும் எழுதுகிறேன். மலரில் போடுவதும் கழித்துக் கட்டுவதும் மச்சான் இஷ்டம்.

என் பெயர் கணேசன். சுடலைமுத்து மகன் என்றால் ஊரில் தெரியும். பம்பாய்க்குப் பக்கத்தில் கோபர்கைரனேயில் மாவு மில் வைத்திருக்கிறேன். கோதுமை, இட்லி மாவு, மிளகாய், சாம்பார்ப் பொடி எல்லாம் அரைத்துக் கொடுப்போம். மனைவி செல்வி. ஒரே மகள் திவ்யா, பன்னிரண்டாவது எழுதியிருக்கிறாள். நான் கேட்பது ஹெவி மெட்டல். ராக்கும் கேட்பேன், ஆனால் அது எனக்குப் பலகாரம். சாப்பாடு மெட்டல்தான்.

2

எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இடம் மாறாது. எனக்கு வலப்பக்கம் செல்வி, இடப்பக்கம் திவ்யா. செல்வி பேசினால் பக்கத்து பில்டிங் வரை கேட்கும். திவ்யா வாய்க்குள்ளேயே பேசுவாள், அதிலும் பாதி இந்தி.

கொஞ்ச நாளாக அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, போனும் கையுமாக இருக்கிற வயசு என்று நானும் விட்டுவிட்டேன். செல்விதான் ஒரு மத்தியானம் மில்லுக்கு வந்து, மெஷின் நிற்கும்வரை காத்திருந்து கேட்டாள்.

"அந்தப் பிள்ள அன்னைக்கு அவ்வளவு கேட்டுச்சு. சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. தட்டப் பாத்துத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டிய. இப்பிடியா செய்வாவ?"

"என்ன கேட்டா?"

"நெசமாவே தெரியாதா, இல்ல நடிக்கியளா?"

எனக்கு நிஜமாகவே தெரியாது. பன்னிரண்டாவது முடிந்ததும் பூனாவில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கேட்டதற்கு நான் முகம்கூடத் திருப்பவில்லையாம். அப்பாவுக்குக் கோபம் என்று அன்று உள்ளே போனவள்தான், பிறகு வாயே திறக்கவில்லை.

செல்வி போன பிறகு இரண்டு விரலைக் காதருகே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வலது காதில் சரசரவென்று கேட்டது. இடது காதில் ஒன்றும் இல்லை. உள்ளே எங்கோ குக்கர் விசில் வருவதற்கு முன்பு சீறுமே, அந்தச் சீறல் மட்டும் இருந்தது. மில் சத்தம் காதில் தங்கியிருக்கிறது என்று நான் அதைச் சட்டை செய்யாமல் விட்டிருக்கிறேன். இயர்போனை மாட்டினேன். வலப்பக்கக் கிடார் வந்தது. இடப்பக்கக் கிடாரைக் காணோம்.

செல்வி வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"நாளு பூரா அந்த இரைச்சலக் காதுக்குள்ள ஊத்துனா காது என்னத்துக்கு ஆவும்? டாக்டர் மட்டும் இதாலதான்னு சொல்லட்டும். அம்புட்டு கேசட்டையும் பங்கார்க்காரன்ட்டப் போட்டுட்டுதான் மறுவேல."

பங்கார்க்காரன் என்றால் பழைய சாமான் வாங்குகிறவர். எங்கள் தெருவுக்குத் தினமும் வருவார், அதனால் இது வெறும் மிரட்டல் இல்லை.

திவ்யாவை வலப்பக்கம் உட்கார வைத்துச் சொன்னேன். "கோவமில்லம்மா. காது கேக்கல."

"சச்சி?"

"சத்தியமா."

"தோ, பூனா?" அப்படியென்றால் பூனா என்ன ஆச்சு என்று கேட்கிறாள்.

"மொதல்ல காது சரியாவட்டும். பொறவு பேசுவோம்."

காது நல்ல சாக்காகக் கிடைத்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் அவள் கேட்டது என் காதில் விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

3

ஊரில் பலருக்குச் சந்தேகம். காலையில் திருநீறு பூசுகிறவன், சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவன், இவனுக்கு ஏன் இந்த மண்டையோட்டு இசை என்று கேட்பார்கள். வீட்டை விட்டு ஓடியவன், மனசுக்குள் ஏதோ ஆத்திரம் என்றெல்லாம் கதை கட்டியவர்களும் உண்டு. காரணம் அவ்வளவு பெரியதில்லை.

பதினேழு வயதில் தாராவியில் சித்தப்பாவின் மாவு மில்லுக்கு வேலைக்கு வந்தேன். மேலே பலகையில் ஒரு டேப் ரெக்கார்டர் இருக்கும். சித்தப்பா சினிமாப் பாட்டுப் போடுவார். மெஷின் ஓட ஆரம்பித்தால் புல்லாங்குழல் போகும், வயலின் போகும், பாடுகிறவர் குரலும் போகும். தபேலா மட்டும் எங்கோ கதவு தட்டுகிற மாதிரி மிஞ்சும். ஒரு நாள் பக்கத்துத் தோல் பைப் பட்டறையில் யாரோ ஒரு கேசட் போட்டார்கள். மெஷினில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு கிடார் அடியும் தெளிவாக வந்து விழுந்தது. மில் சத்தத்தை மீறி எனக்குக் கேட்ட பாட்டு அது ஒன்றுதான். பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே நடைபாதையில் கேசட் தேடினேன். அட்டையில் எழுத்துகள் மரத்து வேர் மாதிரி பின்னிக் கிடந்தன. இங்கிலீஷ் படித்தவர்களுக்கே அது புரியாது என்று பிறகுதான் தெரிந்தது. படத்தைப் பார்த்து வாங்கினேன். சிவப்பு மணல் காட்டில் ஒரு கப்பல் தரைதட்டி நிற்கிற படம். அந்த மணல் அச்சு அசல் நம் ஊர்த் தேரியின் செம்மணல். இந்தக் கப்பல் தேரிக்குள் எப்படி வந்தது என்ற ஆச்சரியத்தில் வாங்கியதுதான். இன்றைக்கும் எனக்கு ஆல்பங்களின் பெயர் வாயில் வராது. தேரிக் கப்பல், ஒற்றைப் பல்லி, எரிகிற நாற்காலி என்று அட்டைப் படத்தை வைத்துத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெட்டல் கேட்கிற கூட்டத்தின் சட்டை கறுப்பு டீ ஷர்ட். மாவு மில்காரன் கறுப்புச் சட்டை போடுவதைப் போல முட்டாள்தனம் வேறு இல்லை, ஆனாலும் போட்டேன். கார்த்திகை மாதம் வந்தால் தாராவியில் எல்லோரும் என்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். கறுப்புச் சட்டையும் நான்கு நாள் தாடியும் திருநீறும், வேறென்ன நினைப்பார்கள். மெஸ்ஸில் மீன் குழம்பு கேட்டால் பரிமாறுகிறவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பொறுக்க முடியாமல் ஒரு வருடம் மாலையே போட்டுக்கொண்டேன்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் கேட்டுவிட்டு, "நம்ம கொடை மேளம் மாதிரில்லா இருக்கு" என்பார்கள். படித்தவர்கள்கூட அப்படி எழுதுகிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. கொடை மேளம் சாமி வரும்வரை அடிப்பது. வந்த சாமி ஆடி முடிக்கும்வரை அதை நிறுத்த முடியாது. மெட்டலில் எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் ஐந்து பேரும் ஒன்றாக நிறுத்துவார்கள், ஒருவர் விரல்கூட மிஞ்சாது. எனக்கு அந்த நிறுத்தம் பிடிக்கும். நாள் முழுக்க நிற்காத மெஷின் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

4

டாக்டரிடம் உடனே போயிருக்கலாம். போகவில்லை. வடாம் சீசன், மில்லில் கூட்டம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். நரம்பு போயிற்று என்று சொல்லிவிட்டால் பிறகு செய்ய ஒன்றும் இல்லையே.

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி வரை மில்லுக்கு ஓய்வு. அந்த நேரம்தான் நான் பாட்டுக் கேட்கிற நேரம். தேரிக் கப்பலில் ஐந்தாவது பாட்டில் நடுவே ஒரு இடம் உண்டு. பாடகர் நிறுத்திவிடுவார், இரண்டு கிடாரும் மட்டும் மாறி மாறிப் பேசும். ஒன்று வலது காதில், ஒன்று இடது காதில். அந்த ஆல்பத்துக்காக நான் உயிரை விடுவது அந்த ஒரு இடத்துக்காகத்தான். இப்போது வலப்பக்கம் ஒரு வரி வரும், பிறகு வெறும் டிரம் ஓடும், மறுபடி வலப்பக்கம். இயர்போனைத் திருப்பி மாட்டினால் இது வரும், அது போகும். இரண்டும் சேர்ந்து வரவே வராது.

பரீட்சை முடிந்து விடுமுறையில் இருந்த திவ்யா என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, "அப்பா, போன் செட்டிங்ஸ்ல மோனோ போட்டா ரெண்டும் ஒரே காதுல வரும். சிம்பிள்" என்றாள்.

"சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே கிண்ணத்துல ஊத்தித் தந்தா நீ குடிப்பியா?"

"தோ நான் என்ன செய்யட்டும்?"

"இடதுபக்கத்த நீ மாட்டு. அங்க என்ன வருதுன்னு எனக்குச் சொல்லு."

சும்மா சொன்னதுதான். அவள் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரைட்ல முடிஞ்ச உடனே இது வர மாட்டேங்குது. கொஞ்சம் வெயிட் பண்ணுது. பிறகு நீச்சே சே, கீழருந்து ஏறுது. ரோ ரஹா ஹை மாதிரி... இல்லப்பா, அழல. சமாளிக்குது" என்றாள்.

எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன், அந்தக் கிடார் சமாளிக்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை. அவள் சொன்ன பிறகு ஞாபகத்தில் ஓட்டிப் பார்த்தேன். சமாளிக்கத்தான் செய்கிறது.

அன்றிலிருந்து மத்தியானம் இரண்டு மணி எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. நான் வலது, அவள் இடது. என் அபிப்பிராயங்களை அவள் மேல் கொட்டினேன். ஒரு குழு யார் என்று மூன்றாவது ஆல்பத்தில்தான் தெரியும். முதல் ஆல்பம் பல வருடம் சேர்த்து வைத்த பாட்டு, இரண்டாவது அதில் கழித்துப் போட்ட பாட்டு, மூன்றாவதுக்குத்தான் புதிதாக யோசிக்க வேண்டும். ஒற்றைப் பல்லிக்காரர்கள் அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். பழைய ஆல்பங்களை இப்போது மெருகேற்றி விற்கிறார்களே, அது எனக்கு ஆகாது. மெதுவாக வர வேண்டியதையும் உரக்க வைத்துவிடுகிறார்கள். மெஷின் ஒரே சுருதியில் அலறினால் உள்ளே தானியம் தீர்ந்துவிட்டது என்று மில்காரனுக்குத் தெரியும், இந்தப் பாட்டுகளும் அப்படித்தான் கேட்கின்றன. கிழவர்களாகி மறுபடி சேர்ந்து போடுகிற ஆல்பங்களை எல்லோரும் கேலி செய்கிறார்கள். நான் செய்வதில்லை. எட்டாத சுருதியை எட்டுகிற மாதிரி நடிக்காமல் ஒரு கட்டை இறக்கிப் பாடுகிற ஆளிடம் எனக்கு மரியாதை உண்டு.

திவ்யா கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "உங்க எரியிற சேர் குழுவுல டிரம்மர் ஸ்லோ பாட்டுல லேட்டா வர்றான். ஹர் பார்" என்றாள். ஒவ்வொரு தடவையும் என்று அர்த்தம். அந்த டிரம்மரை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மயிரிழை லேட்டாகத்தான் வருகிறான். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே கோபத்தில்.

பாட்டுக்கு நடுவே அவள் வேறு விஷயங்களும் சொன்னாள். பூனாவில் என்ன படிக்க ஆசை, கூட எந்தச் சிநேகிதி வருகிறாள், ஏன் இங்கேயே படிக்கப் பிடிக்கவில்லை என்று. நான் எதையும் கேட்கவில்லை. கேள்வி கேட்காததால்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். தமிழ் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், இந்த மலரையும் அவளுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அவள் என்னிடம் இவ்வளவு தமிழ் பேசியது அந்த மத்தியானங்களில்தான்.

5

கடைசியில் செல்வி கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாஷியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

இந்த ஊர் விண்ணப்பப் பாரங்களில் எல்லாம் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டு வைத்தேன். அன்றிலிருந்து பேங்கிலும் கேஸ் ஏஜென்சியிலும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை, எங்கப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். பம்பாய்ப் பக்கமே வராமல் ஊரில் காலமான மனிதர், இந்த ஊர் கவுன்டர்களில் அவர் பெயர்தான் ஒலிக்கிறது.

கிளினிக்கிலும் அப்படித்தான். "சுடலைமுத்து, சுடலைமுத்து" என்று வரவேற்பில் இருந்த பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். செல்வி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அந்தப் பெண் எழுந்து வந்து என் தோளைத் தொட்டுக் கூட்டிப் போய், இவருக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் பரிதாபமாகச் சொன்னாள். வலது காதும் போயிற்றா என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டாக்டரம்மா மராட்டிக்காரர். டார்ச் அடித்துப் பார்த்தார். நான் மில்லைப் பற்றிச் சொன்னேன். செல்வி முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த இந்தியில், ராத்திரி பகல் பாட்டு, பெரிய பாட்டு, பேய்ப் பாட்டு என்று பிராது கொடுத்தாள். டாக்டரம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. காதில் எண்ணெய் விடுவதுண்டா என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை தவறாமல் எனக்கு எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயைக் காய்ச்சி, தலையில் தேய்த்து, இரண்டு காதிலும் இரண்டிரண்டு சொட்டு விடுவது செல்வி. கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் முதலில் இடது காதில்தான் விடுவாள், கை தாராளமாக இருக்கும். வாரம் முழுக்க அந்தக் காதில் மாவு பறந்து படியும். எண்ணெயும் மாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா. காதுக்குள் அடை சுட்டு வைத்திருக்கிறோம்.

செல்வி ஜன்னல் வழியே வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம் மேடம், நானேதான் விட்டுக்குவேன்" என்றேன் இந்தியில்.

டாக்டரம்மா ஒரு சொட்டு மருந்து எழுதினார். ஒரு வாரம் ஊறட்டும், பிறகு எடுக்கலாம், அடைப்புக்குப் பின்னால் நரம்பு எப்படி இருக்கிறதென்று டெஸ்ட் பண்ணாமல் சொல்ல முடியாது என்றார். பாதி நிம்மதியோடு வெளியே வந்தோம். ஆட்டோ வீட்டை நெருங்கும்போது செல்வி, "கேசட்டு கெடந்துட்டுப் போவட்டும்" என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் மன்னிப்பு எதிர்பார்க்கக் கூடாது.

6

அடுத்த வாரம் திவ்யா கூட வந்தாள். அன்று சாயங்காலம் செம்பூரில் செல்வியின் அண்ணனின் புது வீட்டுக்குப் பால் காய்ப்பு. செல்வி முன்னாலேயே போய்விட்டாள், நாங்கள் கிளினிக் முடிந்து ரயிலில் போவதாக ஏற்பாடு.

சின்னக் குழாய் வைத்து உறிஞ்சினார்கள். டொப்பென்று ஏதோ விடுபட்டது. முதலில் கேட்டது ஏசி சத்தம். பிறகு என் சட்டைக் காலர் கழுத்தில் உரசுகிற சத்தம். இதெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மருந்தின் எரிச்சல் என்று சொல்லிக்கொண்டேன்.

டெஸ்டுக்குக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். காதில் மெதுவாக பீப் வரும், கேட்டால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. பழக்க தோஷம். ஒரு பீப்புக்கும் அடுத்த பீப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை மனசு தானாக எண்ணியது, அது வர வேண்டிய இடத்தில் கட்டை விரல் தானாக அழுத்தியது. டெஸ்ட் எடுத்த பெண் கதவைத் திறந்து, "அங்கிள், நான் சத்தம் அனுப்பவே இல்லை, நீங்கள் எதைக் கேட்டு அழுத்துகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திவ்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். இந்தத் தடவை தாளம் போடாமல் இருக்க மனசுக்குள் மிளகாய், மல்லி, மஞ்சள் விலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வரைபடத்தைப் பார்த்தார். இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் இருக்கிறது, மேல் சுருதியில் மட்டும் கொஞ்சம் குறைவு, அது மெஷினால், மில்லில் காதடைப்பான் போடுங்கள் என்றார். பாட்டுக் கேட்கலாமா என்று திவ்யா கேட்டாள். சத்தத்தைக் குறைத்துக் கேட்கலாம், எண்ணெய்தான் கூடாது என்றார்.

வெளியே வந்தபோது நடை லேசாக இருந்தது. வாஷி ஸ்டேஷனில் அறிவிப்பு, செருப்புச் சத்தம், யாரோ போனில் போடுகிற சண்டை எல்லாம் இரண்டு பக்கமும் வந்து விழுந்தன. ஒன்றுகூட எரிச்சலாக இல்லை. ரயிலில் அதிசயமாக இடம் கிடைத்தது. காது சரியாகட்டும், பேசுவோம் என்று நான் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில் இருந்தது. அவள் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நானாக ஆரம்பித்தேன்.

"பூனா ஹாஸ்டல்ல சாப்பாடு எப்பிடி இருக்குமாம்?"

திரும்பிப் பார்த்து, என்ன அர்த்தம் என்கிற மாதிரி, "மத்லப்?" என்றாள்.

"போறவ சாப்பாட்டப் பத்தி விசாரிக்காண்டாமா? மூணு வேளையும் சப்பாத்தின்னா நீ என்ன செய்வ?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தாள். அதுதான் பதில். காது அடைத்தது நல்லதாகப் போயிற்று என்று அப்போதுதான் நினைத்தேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒரு நொடியில் சொல்லி முடித்திருக்க வேண்டிய வேண்டாம், சொல்லாமலே போயிற்று.

ரயில் கழிமுகப் பாலத்தில் ஏறியது. நான் பையிலிருந்து இயர்போனை எடுத்துத் தேரிக் கப்பலின் ஐந்தாவது பாட்டைத் தேடினேன். காது திறந்த கையோடு அந்த இடத்தை இரண்டு பக்கமும் கேட்டுவிட வேண்டும் என்று வாரம் முழுக்கக் காத்திருந்தேன். வலதை மாட்டினேன். இடதை எடுப்பதற்குள் அவள் கை நீண்டது.

"லெஃப்ட் என்னோடது" என்று சொல்லி, எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டாள்.

மான்குர்த் போயிற்று, கோவண்டி போயிற்று. அந்த இடம் வந்தபோது வலப்பக்கம் கேட்டது, பிறகு டிரம் மட்டும் ஓடியது. அவள் கண்ணை மூடி, என்ன வருகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். செம்பூர் வரை நானும் காது கேட்காதவன் போல அவள் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன்.

காது திறந்த பிறகும் அந்த இடப்பக்கத்துக் கிடாரை நான் இன்னும் கேட்கவில்லை. ஜூன் மாதம் அவள் பூனாவுக்குப் போன பிறகு கேட்டுக்கொள்ளலாம்.